நெல்லையில் பாதி, சென்னையில் பாதி



சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இந்த மாதம் முழுக்க என் மேசை மேலேயே இருந்தது. அவருடைய அண்ணனுக்கு மண்டையோட்டின் அடியில், மூளைத்தண்டை ஒட்டி ஒரு கட்டி. கோர்டோமா என்கிற அரிய வகை. அறுவை சிகிச்சையில் எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டார்கள். மிச்சத்தைக் கதிர்வீச்சால்தான் அழிக்க வேண்டும். சென்னையில் பார்த்த டாக்டர், "கொஞ்ச நாள் புரோட்டான், கொஞ்ச நாள் சாதாரணக் கதிர்வீச்சு, ரெண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம்" என்றிருக்கிறார். வாசகி என்னிடம் கேட்டது இதுதான்: "கையில் பணமில்லை என்று தெரிந்துதான் பாதி நல்ல வைத்தியம், பாதி மட்டமான வைத்தியம் என்று சொல்கிறார்களா? வீட்டை விற்றாவது முழுக்கப் புரோட்டானே வைக்கச் சொல்லட்டுமா?"

அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஆனால் இதே கலக்கம் அம்பாசமுத்திரத்திலும் ஏரலிலும் ஆலங்குளத்திலும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. விலை கூடின மருந்துதான் நல்ல மருந்து என்று நம்பி வயலையும் நகையையும் விற்ற குடும்பங்களை நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்த முறை ஆசிரியர் பக்கத்தை முழுக்க இந்த விஷயத்துக்கே கொடுக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் பக்கத்தில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்லும் சிகிச்சையில் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் போவதில்லை. போவது எக்ஸ்ரே. எலும்பு முறிவுக்குப் படம் எடுக்கிறார்களே, அதே ஜாதிக் கதிர்தான். ஆற்றல் மட்டும் பல மடங்கு. லினாக் என்கிற இயந்திரம் அதை உண்டாக்குகிறது. இந்தக் கதிரின் துகளுக்குப் போட்டான் என்று பெயர். ஆறு மெகாவோல்ட் லினாக்கில் தோலின் மேற்பரப்புக்குக் குறைவாகவும், ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் உச்சமாகவும் வீரியம் இருக்கும். அங்கிருந்து உள்ளே போகப்போகக் குறையும். ஆனால் நிற்காது. கட்டியைத் தாண்டி மறுபக்கம் வெளியே போய்விடும். வழியில் இருக்கும் நல்ல திசுவும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், பின்னால் இருப்பதும் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் இயந்திரம் நோயாளியைச் சுற்றிச் சுழன்று, பல திசைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிறது. எல்லாத் திசைக் கதிரும் சேரும் இடத்தில் கட்டி இருக்கும்.

புரோட்டானின் குணம் வேறு. அது ஹைட்ரஜன் அணுவின் கரு. எலக்ட்ரானைப் போல 1,836 மடங்கு எடை. சைக்ளோட்ரான் என்கிற பெரிய வட்ட இயந்திரம் அதை ஒளியின் வேகத்தில் அறுபது சதவீதம் வரை விரட்டிவிடும். உடம்புக்குள் நுழைகிற புரோட்டான் வழியில் குறைவாக இறக்கி, வேகம் அடங்கி நிற்கப்போகிற இடத்தில் மிச்சத்தை மொத்தமாக இறக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும். கால்வாயில் விட்ட தண்ணீர் வழிநெடுக உள்ள வயல்களுக்குக் கொஞ்சமாகக் கசிந்து, கடைமடை வயலில் மொத்தமாகப் பாய்ந்து, அந்த வரப்புக்குள்ளேயே நின்றுவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை ஆற்றலைக் கூட்டிக் குறைத்து வைக்கலாம். நூறு மெகா எலக்ட்ரான் வோல்ட் கொடுத்தால் தண்ணீரில் ஏழரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இருநூறு கொடுத்தால் இருபத்தாறு சென்டிமீட்டர் அளவு.

மின்னூட்டம் கொண்ட துகள்கள் பயணத்தின் முடிவில்தான் அதிக ஆற்றலை இறக்குகின்றன என்பதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வில்லியம் ஹென்றி பிராக் ஆல்ஃபா துகள்களை வைத்துக் கண்டுபிடித்தார். இதைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தலாம் என்று 1946-ல் எழுதியவர் ராபர்ட் வில்சன். அணுகுண்டு தயாரித்த லாஸ் அலமோஸில் வேலை பார்த்துவிட்டு வந்த இயற்பியலாளர் அவர். 1954-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டுக்கு வர இன்னும் அறுபத்தைந்து ஆண்டு ஆயிற்று. 2019 ஜனவரியில் சென்னை தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் திறந்தது. 2023-ல் நவி மும்பையின் கார்கரில் டாட்டா நினைவு மையத்தின் அரசு வசதி நோயாளிகளை எடுக்கத் தொடங்கியது.

இவ்வளவு சொன்ன பிறகு, "அப்படியானால் எல்லாருக்கும் முழுக்கப் புரோட்டானே கொடுத்துவிட வேண்டியதுதானே" என்றுதான் யாருக்கும் தோன்றும். வாசகிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. இந்த இடத்தில்தான் டாக்டர் சொன்னதின் நியாயம் இருக்கிறது.

புரோட்டான் எந்த இடத்தில் நிற்கும் என்பது கணக்குப் போட்டுச் சொல்வது. சிடி ஸ்கேனைப் பார்த்து, வழியில் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, காற்று எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் மூன்று மூன்றரை சதவீதம் பிழைக்கு எப்போதும் இடம் விட்டுத்தான் திட்டம் போடுகிறார்கள். பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் அது மூன்று நான்கு மில்லிமீட்டர். தொடையில் என்றால் பெரிதில்லை. மூளைத்தண்டின் விளிம்பில் அந்த மில்லிமீட்டர்தான் எல்லாமே. சிகிச்சை நடக்கிற ஆறேழு வாரத்தில் நோயாளி மெலிந்து போவார். சளி பிடித்து மூக்கறையில் காற்று இருந்த இடத்தில் நீர் கட்டும். முன்பு நின்ற இடத்தில் இப்போது புரோட்டான் நிற்காது. போட்டானை இந்த மாற்றங்கள் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. சின்னச் சின்ன மாற்றங்களைத் தாங்கிக்கொள்ளும் கதிர் அது. பெரும்பாலோர் கவனிக்காத இன்னொரு விஷயமும் உண்டு. தோலை விட்டுக்கொடுத்து ஆழத்தில் உச்சம் தொடுகிற குணம் போட்டானுக்குத்தான். முதுகெலும்பில் வந்த கட்டிக்குப் பின்னாலிருந்து புரோட்டானை மட்டும் செலுத்தினால் முதுகுத் தோல் அதிகம் வெந்துபோகும். போட்டானையும் கலந்தால் தோலுக்குச் சுமை குறையும்.

ஆக, ஒன்றின் பலம் மற்றதன் பலவீனத்துக்குத் துணை நிற்கிறது. இரண்டையும் கலப்பது கைக்காசு போதாததால் செய்கிற சமாதானம் அல்ல. நான் சொல்வதற்கு அரை நூற்றாண்டு அனுபவம் சாட்சி. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்காகக் கட்டிய சைக்ளோட்ரான் ஒன்று கேம்பிரிட்ஜ் நகரில் இருந்தது. 1961 முதல் 2002 வரை அதில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புரோட்டான் சிகிச்சை கொடுத்தார்கள். அவர்களைக் கவனித்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை சார்லஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாஸ்டனில். லினாக் பாஸ்டனில், புரோட்டான் கேம்பிரிட்ஜில். கோர்டோமா நோயாளிகள் சில நாள் இங்கேயும் சில நாள் அங்கேயுமாகப் போய் வந்தார்கள். ஆய்வகத்தில் கிடைத்த நேரம் குறைவு என்பது ஒரு காரணம். ஆனால் அப்படிக் கலந்து கொடுத்த சிகிச்சைதான் மண்டையோட்டு அடிக் கட்டிகளுக்கு உலகத்துக்கே வழி காட்டியது. வாசகியின் அண்ணனுக்கு வந்திருக்கும் அதே நோய்!

புராஸ்டேட் புற்றிலும் ஓர் உதாரணம் உண்டு. பாஸ்டனும் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவும் சேர்ந்து 393 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தின. எல்லோருக்கும் 50.4 கிரே போட்டான் (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதோடு சிலருக்குக் குறைவாகவும் சிலருக்குக் கூடுதலாகவும் புரோட்டான். மொத்தம் 70.2 வாங்கியவர்களைவிட 79.2 வாங்கியவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது என்று 2005-ல் வெளியிட்டார்கள். அதே புராஸ்டேட் புற்றில், புரோட்டான் மட்டும், போட்டான் மட்டும் என்று 450 பேரைப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது குடல், சிறுநீர்த் தொல்லைகளில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. விலையைப் பார்த்து வைத்தியத்தின் தரத்தைத் தீர்மானிக்கிற எல்லோரும் இந்த முடிவை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது இந்தக் கலவையை இன்னும் நுட்பமாகச் செய்ய முயல்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் யான் உன்கெல்பாக் என்கிற இயற்பியலாளரின் குழு 2018-லிருந்து இதைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறது. இவர்களுடைய யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

கதிர்வீச்சை ஒரே நாளில் கொடுக்காமல் முப்பது முப்பத்தைந்து நாளாகப் பிரித்துக் கொடுப்பது எதற்கு? ஒவ்வொரு நாளும் சிறிதளவு அடி வாங்கும் நல்ல செல், மறுநாளைக்குள் தன்னைச் சரிசெய்துகொள்ளும். புற்றுச்செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. ஆனால் கட்டியின் நடுப்பகுதியில் நல்ல திசுவே இல்லையே, அங்கே எதற்கு இந்தப் பொறுமை? ஆக, நரம்பும் கட்டியும் பின்னிக் கிடக்கும் ஓரத்துக்குப் போட்டானால் தினமும் சிறுசிறு அளவாகக் கொடுக்கலாம். கட்டியின் நடுவில் புரோட்டானால் சில நாளிலேயே பெரிய அளவாக இறக்கிவிடலாம். எந்த இயந்திரம், எந்த இடத்துக்கு, எத்தனை நாள் என்பதைத் தனித்தனியாகத் திட்டமிட்டுப் பிறகு ஒட்டாமல், தொடக்கத்திலேயே ஒரே கணக்காகக் கணினியில் போட வேண்டும் என்கிறார்கள். இரண்டு கதிரையும் கூட்டும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு கிரே புரோட்டான் உயிர்ச்செல்லில் செய்யும் வேலை, 1.1 கிரே போட்டான் செய்யும் வேலைக்குச் சமம் என்று வைத்துத்தான் மருத்துவமனைகளில் கணக்குப் போடுகிறார்கள்.

அதே குழு 2021-ல் கேட்ட கேள்விதான் நம்மைப் போன்ற நாட்டுக்கு முக்கியம். புரோட்டான் இயந்திரத்தில் கிடைக்கும் இடம் கொஞ்சம், வரிசையில் நிற்பவர்கள் நிறையப் பேர் என்றால் எப்படிப் பங்கிடுவது? நாலு பேருக்கு முழுக்கக் கொடுத்து மற்றவர்களைத் திருப்பி அனுப்புவதா, யாருக்கு எத்தனை நாள் கொடுத்தால் அதிகப் பயனோ அவ்வளவு என்று பலருக்கும் பகிர்வதா? பகிர்ந்தால் மொத்தத்தில் பக்கவிளைவு குறையும் என்று தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் திட்டங்களை வைத்துக் கணக்கிட்டுக் காட்டினார்கள். நூற்று நாற்பது கோடி பேருக்கு விரல்விட்டு எண்ணும் அளவில் மையங்கள் இருக்கும் நம் நாட்டில் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை.

இதை எழுதும் முன்பு பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஓர் ஆச்சி, கன்னத்தில் புற்று. மாஸ்க் எடுக்க வந்திருந்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெந்நீர்த் தொட்டியில் போட்டார்கள். விறைப்பாக இருந்தது குழைந்து, உள்ளே தெரிகிற அளவு நிறம் மாறியது. ஈரத்தை ஒற்றி எடுத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து முகத்தின் மேல் இழுத்து, மேசையில் பொருத்தினார்கள். டெக்னீஷியன் பையன், "ஆச்சி, கண்ண மூடிக்கோங்க, எச்சில் முழுங்காதீங்க, இப்ப முடிஞ்சிரும்" என்றபடியே மூக்கின் இரு பக்கமும், தாடையிலும் விரலால் அழுத்தி வடிவம் கொண்டுவந்தான். சில நிமிடத்தில் இறுகிவிட்டது. எடுத்துப் பார்த்தால் ஆச்சியின் முகமேதான், ஓட்டை ஓட்டையாக. அதன் மேல் சின்னச் சின்னக் குறிகள் ஒட்டினார்கள். ஆறேழு வாரமும் தலை அதே இடத்தில், அதே சாய்வில் இருக்க வேண்டும். "மூச்சு முட்டிருமோன்னு பயந்துக்கிட்டே படுத்தேன் அண்ணாச்சி, ஒண்ணும் செய்யல" என்றார் எழுந்ததும். அவருடைய கவலை வேறாக இருந்தது: "தெனமும் ரெண்டு பஸ் ஏறி வரணுமே."

ஆச்சிக்குப் புரோட்டான் வேண்டியதில்லை. கன்னப் புற்று, கர்ப்பப்பை வாய்ப் புற்று, மார்பகப் புற்று, நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பது இவைதான். வாய்ப் புற்றுக்கும் தென்கோடிக்கும் நீண்ட பழக்கம். நெய்யூர் மருத்துவமனையில் வேலை பார்த்த ஐ. எம். ஓர் என்கிற டாக்டர், வெற்றிலை பாக்குப் போடுபவர்களுக்கு வரும் வாய்ப் புற்று பற்றி 1933-லேயே லான்செட் இதழில் எழுதியிருக்கிறார். இந்த நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு நல்ல லினாக் சிகிச்சை போதும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வெளிக்கதிரோடு உள்கதிர் சிகிச்சையும் கட்டாயம் வேண்டும். அதற்குப் புரோட்டான் மாற்று இல்லை. நெல்லை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் பழைய கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரத்தின் காலம் போய் லினாக் வந்திருக்கிறது. நோய் இந்த வகை என்றால் ஊரிலேயே தொடங்குங்கள், இடையில் விடாதீர்கள். தலை, கழுத்துப் புற்றில் சிகிச்சை ஒரு நாள் நீண்டாலும் கட்டி அடங்கும் வாய்ப்பு ஒரு சதவீதம் அளவுக்குக் குறையும் என்பது பல ஆய்வுகளில் கண்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் உள்கதிரும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சென்னையில் யாரோ சொன்னார்கள், புரோட்டானுக்குப் பணம் புரட்டுகிறோம் என்று இரண்டு மாதம் காத்திருப்பதும், கோயில் கொடை, கல்யாணம் என்று நடுவில் ஒரு வாரம் நிற்பதும் அந்தக் கட்டிக்கு நாம் கொடுக்கும் அவகாசம்.

புரோட்டான் தேவைப்படுபவர்கள் ஒரு சிலர்தான். குழந்தைகள் முதலில். மெடுல்லோபிளாஸ்டோமா என்கிற மூளைக்கட்டிக்கு மூளையோடு முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர் கொடுக்க வேண்டியிருக்கும். போட்டான் என்றால் அது முன்பக்கம் இருதயம், நுரையீரல், தைராய்டு, குடல் வழியாக வெளியேறும். புரோட்டான் என்றால் எலும்போடு நின்றுவிடும். வளர்கிற உடம்புக்கு அது பெரிய வித்தியாசம். அடுத்து, மண்டையோட்டின் அடியிலும் முதுகெலும்பிலும் வரும் கட்டிகள். ஏற்கெனவே கதிர் வாங்கிய இடத்தில் மறுபடி வாங்க வேண்டியவர்கள். இந்த நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் முதல் வாரத்திலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். "புரோட்டான் உதவுமா? முழுக்க வேண்டுமா, கலந்து கொடுத்தால் போதுமா? கலந்தால் மொத்தத் திட்டத்துக்குப் பொறுப்பு யார்?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இரண்டு இடத்தில் நடக்கும் சிகிச்சைக்கு ஒரே திட்டம், ஒரே டாக்டர் பொறுப்பு வேண்டும். ஒரே மாஸ்க், ஒரே கிடக்கை நிலை, கூட்டிச் சரிபார்த்த ஒரே கணக்கு. அது இல்லாமல் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று வாங்குவது ஆபத்து.

அரசிடம் ஒன்று கேட்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறில் பன்னிரண்டு படுக்கையோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியபோது, இந்த நோய்க்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அங்கே அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே கோபால்ட் இயந்திரம் வந்துவிட்டது, ஏழைகளுக்கும் கிடைத்தது. இன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் நூற்றுக்கணக்கான கோடி செலவில் புரோட்டான் மையம் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. நெல்லை அரசு மருத்துவமனையின் லினாக்கும், எங்கோ ஒரு புரோட்டான் மையமும் ஒரே திட்டத்தில் கைகோக்க வழி செய்யலாம். பத்து நாள் சென்னையில், மிச்சம் ஊரில், வீட்டுச் சாப்பாட்டோடு. ஸ்கேனும் திட்டமும் கம்பி வழியே போய்விடும்; இரண்டு இடத்து இயற்பியலாளர்களும் ஒரே அளவுகோலில் இயந்திரங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தருகிறது. பல லட்சம் ஆகும் முழுப் புரோட்டானுக்கு அது போதாது. பத்து நாளுக்கு என்றால் கணக்கு மாறும். ஆற்றைத் தாண்டிப் பாஸ்டன் நோயாளிகள் செய்ததை அறுநூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டி நம் நோயாளிகள் செய்ய ஏற்பாடு வேண்டும் என்கிறேன்.

போக்குவரத்து பற்றி ஒரு தகவல். சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே கிடையாது. கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ஸ்டேஷனில் காட்ட வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் முழுக் கட்டணம் கொடுத்துப் போய்வரும் நோயாளிகள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள்.

சேரன்மகாதேவி வாசகியின் அண்ணனுக்குச் சிகிச்சை அடுத்த மாதம் தொடங்குகிறது. டாக்டர் சொன்னபடியே, இரண்டும் கலந்துதான். வீட்டை விற்கவில்லை. சென்னையில் எங்கே தங்குவது என்றுதான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள். சிகிச்சைக்காகச் சென்னையிலோ, திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் மையத்தின் பக்கமோ வாரக்கணக்கில் தங்கியிருந்த வாசகர்கள், எந்த இடத்தில் தங்கினீர்கள், வாடகை என்ன, சமைத்துச் சாப்பிட வசதி இருந்ததா என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயரில்லாமல் அடுத்த இதழிலேயே தொகுத்துப் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்